மேல்படிப்புக் கணக்கைப் பிளஸ் டூவிலேயே போட்டுவிட வேண்டும்

ஜூன் மாதம் கோவை, ஈரோடு, கோபி பக்கத்தில் எந்தக் கல்லூரி அட்மிஷன் மேசைக்குப் போனாலும் ஒரே மாதிரி கேள்விகள்தான் வரும். காலேஜ் பஸ் எங்க ஊருக்கு வருமா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, ஃபீஸ் எத்தனை தவணை, பிளேஸ்மென்ட் உண்டுங்களா. எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த டிகிரியை முடித்தால் பிள்ளை மேற்கொண்டு எங்கெல்லாம் படிக்கப் போகலாம், எங்கெல்லாம் விண்ணப்பமே போட முடியாது என்று கேட்கிறவர்கள் மிகவும் குறைவு. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். நான் ஆர்ட்ஸ் காலேஜில் வேதியியல் நடத்துகிறவன். அந்தப் பிறகு வரும்போது பாதிக் கதவு மூடியிருப்பதை வருடா வருடம் பார்க்கிறேன், அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வுதான் தடை என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வு கஷ்டம்தான், ஆனால் படித்தால் எழுதிவிடலாம். அதற்கு முன்னாலேயே நிற்கிற தடை தகுதி விதி. எந்தப் பட்டம், அதில் எந்தப் பாடம் எத்தனை செமஸ்டர், பிளஸ் டூவில் என்ன குரூப் என்று ஒவ்வொரு எம்.எஸ்சி.க்கும் எம்.டெக்.குக்கும் ஒரு வரி எழுதியிருக்கும். அந்த வரியை மூன்றாம் வருடம் படிப்பவர்கள்தான் பெரும்பாலும் முதல்முறையாகப் பார்க்கிறார்கள், அப்போது மாற்ற ஒன்றும் இருக்காது.

என் பாடத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜேம் என்ற தேர்வு. வேதியியல், இயற்பியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல், பொருளாதாரம் என்று ஏழு தாள்கள் அதில் உண்டு. வேதியியல் எம்.எஸ்சி.க்கு, பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிற ஐஐடிகள் இருக்கின்றன. இயற்பியலுக்கு டிகிரியிலேயே இரண்டு செமஸ்டராவது கணிதம் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இங்கே பியூர் சயின்ஸ் குரூப்பில், அதாவது கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் எடுத்துப் படித்த பிள்ளைகள் நீட் மார்க் வரவில்லை என்றதும் பி.எஸ்சி. வேதியியலில் வந்து சேருகிறார்கள். அவர்களில் அருமையாகப் படிக்கிறவர்கள் உண்டு. ஆர்கானிக் வினை ஒன்றைப் போர்டில் பாதி எழுதும்போதே மீதியைச் சொல்லிவிடுகிற பெண்ணிடம், உனக்கு இந்த இந்த இடத்தில் விண்ணப்பிக்கத் தகுதி இல்லை என்று சொல்ல வேண்டி வரும்போது மனசு ரொம்பக் கஷ்டப்படும். அவள் அந்த முடிவை எடுத்தது பதினைந்து வயதில், பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்தில், பக்கத்து வீட்டு அக்கா எடுத்த குரூப் என்பதற்காக.

அலைடு பேப்பரும், அதாவது முக்கியப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கிற துணைப் பாடமும் இப்படித்தான். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறும், சில இடத்தில் ஜெனரிக் எலெக்டிவ் என்பார்கள். வேதியியல் மாணவருக்குக் கணிதமா விலங்கியலா என்று கல்லூரி கேட்டால், எது சுலபமாக மார்க் வரும் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் டிக் அடிக்கிறார்கள். அந்த டிக் மார்க் ஷீட்டில் ஏறி, பிற்பாடு தகுதிப் பட்டியலில் எதிரே வந்து நிற்கும். எந்த அலைடு என்று கல்லூரியே முடிவு செய்து வைத்திருந்தால், அதைச் சேருவதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலபஸ் புத்தகத்தின் முதல் பக்கங்களில் எந்த செமஸ்டரில் என்ன பாடம் என்று ஒரு அட்டவணை இருக்கும், அதைக் கேட்டால் கொடுப்பார்கள், கொடுக்க வேண்டும்.

திருப்பூர்ப் பக்கம் வந்தால் இன்னொரு உதாரணம். பனியன் கம்பெனி வைத்திருக்கிற வீட்டிலும் அங்கே வேலைக்குப் போகிற வீட்டிலும் பிள்ளையை பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்டு ஃபேஷன் சேர்ப்பது வழக்கம், ஊருக்கு ஏற்ற படிப்புத்தான். ஆனால் மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் நடத்துகிற எம்.எஃப்.டெக்., அதாவது ஆடை உற்பத்தித் தொழில்நுட்ப மேல்படிப்புக்கு நிஃப்டின் பி.எஃப்.டெக். அல்லது பி.இ., பி.டெக். படித்தவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். காஸ்ட்யூம் டிசைன் முடித்தவருக்கு அங்கே ஃபேஷன் மேனேஜ்மென்ட் படிப்பு திறந்திருக்கிறது. ஆக, தொழிற்சாலைப் பக்கம், மெஷின், புரொடக்‌ஷன் என்று பிள்ளைக்கு ஆசையிருந்தால் பிளஸ் டூவில் கணிதம் எடுத்து பி.டெக். டெக்ஸ்டைல் பக்கம் போவதுதான் வழி. மார்க்கெட்டிங், பையர், பிராண்டு என்று மனசு போனால் பி.எஸ்சி. போதும். இரண்டும் நல்ல படிப்புகள், போய்ச் சேருகிற இடம் வேறு வேறு.

கம்ப்யூட்டர் பக்கம் திருச்சி என்ஐடி போன்ற இடங்களில் எம்.சி.ஏ. சேர நிம்செட் தேர்வு. பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்கள் டிகிரியில் கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாகப் படித்து 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் என்பது அதன் பொதுவான விதி. பொருளாதாரத்தில் இன்னும் கறார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பொருளாதார எம்.எஸ். நுழைவில் ஒரு தாள் முழுக்கவே கணிதத்தை நம்பி நிற்கிறது, பி.ஏ.வில் கணிதத்தைத் தொடாதவர்கள் அதன் முன்னால் திணறிப்போவார்கள். கவனித்துப் பார்த்தால் எல்லா இடத்திலும் இந்தக் கணிதம்தான் குறுக்கே வருகிறது. என்ன படிப்பது என்று இன்னும் தெளிவில்லாத பிள்ளை, கணிதத்தை வெறுக்காத பிள்ளை என்றால், பிளஸ் ஒன்னில் அதை விட்டுவிடாதீர்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

விட்டாகிவிட்டது, இப்போது என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 ஏப்ரலில் அனுமதித்தது. ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்துகிற டேட்டா சயின்ஸ் பட்டத்தில் சேர பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் இருந்தால் போதும், பிளஸ் டூ எந்த குரூப் என்று பார்ப்பதில்லை. அவர்களே நான்கு வாரம் பாடம் கொடுத்து ஒரு தகுதித் தேர்வு வைக்கிறார்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்திலும் சலுகை உண்டு. பி.காம். படித்துக்கொண்டே இதையும் படிப்பது லேசான காரியமில்லை. ஆனால் கணிதத்தையும் புள்ளியியலையும் முறையாகத் திரும்பப் பிடிக்க நினைக்கிறவருக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

அடுத்து, மூன்று வருடமா நான்கு வருடமா என்ற விஷயம். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் பி.எஸ்சி., பி.ஏ., பி.காம். எல்லாம் மூன்று வருடம். இருபது வயதில் டிகிரி கையில் இருக்கும், மேலே இரண்டு வருடம் எம்.எஸ்சி. படித்தால் இருபத்திரண்டு. பி.இ. நான்கு, எம்.இ. இரண்டு என்றால் இருபத்து மூன்று. உள்நாட்டில் படிக்க மூன்று வருடப் பட்டத்தால் ஒரு பாதகமும் இல்லை. இங்கிலாந்திலும் அதை வைத்து மாஸ்டர்ஸ் சேரலாம். அமெரிக்காவில்தான் சிக்கல், பல பல்கலைக்கழகங்கள் பள்ளியும் கல்லூரியும் சேர்த்து பதினாறு வருடப் படிப்பை எதிர்பார்க்கின்றன, நமக்குப் பதினைந்துதான் ஆகிறது. அதனால் பி.எஸ்சி. முடித்தவர்கள் இங்கேயே எம்.எஸ்சி.யும் முடித்துவிட்டு அங்கே பிஎச்.டி.க்குப் போவது வழக்கம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. அக்ரி நான்கு வருடம் என்பதால் அங்கே படித்தவர்களுக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை. ஜெர்மனி என்றால் நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து விசாவுக்கே அது கட்டாயம், அதற்கென்று சில மாதம் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொரு பக்கம், நான்கு வருட ஆனர்ஸ் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தால் எம்.எஸ்சி. இல்லாமலே நேராகப் பிஎச்.டி. சேரலாம் என்று யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகள் சொல்கின்றன. எம்.ஃபில். படிப்பை நிறுத்தியதும் அதே விதிகள்தான், இன்னும் சில வீடுகளில் எம்.ஃபில். சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். ஆராய்ச்சிதான் என்று பிள்ளை பிளஸ் டூவிலேயே உறுதியாக இருந்தால் அறிவியல் கல்விக்கென்றே மத்திய அரசு நடத்துகிற ஐசர் நிறுவனங்களின் ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ், பெங்களூரு ஐஐஎஸ்சியின் நான்கு வருட பட்டம் இரண்டையும் அப்போதே பாருங்கள். திருப்பதி ஐசர் நமக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம்தான். கோவையிலேயே பிஎஸ்ஜி டெக், சிஐடி ஆகிய இன்ஜினியரிங் கல்லூரிகளில் பிளஸ் டூ முடித்ததும் சேருகிற ஐந்து வருட எம்.எஸ்சி. இருக்கிறது, கம்ப்யூட்டர் பக்கம் போகிறவர்களுக்கு நல்ல வழி.

டிகிரியைச் சீக்கிரமே முடித்துவிட முடியுமா என்றும் இப்போது கேட்கிறார்கள். 2024 நவம்பரில் யுஜிசி ஒரு விரைவுப் பட்ட முறையை அறிவித்தது. மூன்று வருடப் படிப்பை ஐந்து செமஸ்டரில் முடிக்கலாம், ஒரு கல்லூரி தன் இடங்களில் 10 சதவீதம் வரை இதற்கு ஒதுக்கலாம், முதல் அல்லது இரண்டாம் செமஸ்டர் முடிவில் மாணவர் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரி ஏற்றுக்கொண்டால்தான் இது நடக்கும். அப்படியே கிடைத்தாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாவது செமஸ்டர் நவம்பர், டிசம்பரில் முடிகிறது. எம்.எஸ்சி. வகுப்பு எங்கே போனாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் தொடங்கும். மிச்சமாவது ஒரு வருடம் இல்லை, ஆறேழு மாதம். அந்த மாதங்களில் ஜேம், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வுகளுக்கு முழு நேரமாகப் படிக்கவோ ஒரு ஆய்வகத்தில் வேலை பழகவோ திட்டம் இருந்தால் பலன் உண்டு. வெறுமனே சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஓடினால், ஒவ்வொரு செமஸ்டரிலும் கூடுதல் பாடம் ஏறி மார்க் இறங்கும், மேல்படிப்புக்கு அந்த மார்க்தான் தேவை. என்னைக் கேட்டால் நிதானமாக ஆறு செமஸ்டர் படித்து, கோடை விடுமுறைகளை உபயோகப்படுத்துவது மேல்.

ஏனென்றால் மூன்று வருடம் என்பது பார்க்கத்தான் நீளம். ஜேம் தேர்வு பிப்ரவரியில், அதற்கு விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும், அதாவது ஐந்தாவது செமஸ்டரின் நடுவில். குவாண்டம் மெக்கானிக்ஸ், சாலிட் ஸ்டேட் போன்றவற்றை நம் கல்லூரிகளில் மூன்றாம் வருடத்தில்தான் வைத்திருப்பார்கள், சிலது ஆறாவது செமஸ்டரில். தேர்வில் கேள்வி வருகிற பாடத்தை வகுப்பில் நடத்துவதே தேர்வுக்குப் பிறகுதான் என்றால் என்ன செய்வது? இரண்டாம் வருடக் கோடையிலேயே தானாகப் படித்து வைக்க வேண்டியதுதான், ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்துகிற என்பிடெல் வீடியோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆக முதல் வருடம் அடிப்படை, இரண்டாம் வருடம் சிலபஸை ஒப்பிட்டு விட்டுப்போனதைப் பிடிப்பது, மூன்றாம் வருடம் பழைய வினாத்தாள். இன்ஜினியரிங் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சௌகரியம் அதிகம். எம்.டெக். சேர உதவுகிற கேட் தேர்வை மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். முதல் தடவை சரியாக வராவிட்டால் கடைசி வருடத்தில் இன்னொரு வாய்ப்பு. இதை ஏன் இன்னும் எல்லோரும் செய்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம் கோடை விடுமுறை. இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ் மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து மாணவர்களுக்குக் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஒரு ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியிடம் நேராகப் போய் வேலை செய்யலாம். இதற்கான விண்ணப்பம் நவம்பரிலேயே முடிந்துவிடுவது வழக்கம், ஏப்ரலில் வந்து கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கணித மாணவர்களுக்கு 1993 முதல் நடக்கிற எம்டிடிஎஸ் முகாம் இருக்கிறது, பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கியது. நான்கு வாரம் தங்கிப் படிக்க வேண்டும், தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கேள்வி கேட்காமல் வகுப்பில் உட்காருவது என்பதே அங்கே நடக்காது. அங்கே போய் வந்த பிள்ளை அதற்குப் பிறகு நம் வகுப்பிலும் சும்மா உட்காருவதில்லை.

இதெல்லாம் தூரம் என்று நினைத்தால், நம் ஊரிலேயே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912ல் தொடங்கியது. நாட்டின் கரும்புச் சாகுபடியையே மாற்றிய கோ 205 ரகம் பிறந்த இடம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையில் படித்து 1931ல் டாக்டர் பட்டம் வாங்கிய தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள், திரும்பி வந்து 1930களில் வேலை பார்த்ததும் இங்கேதான். அதே கோவையில் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம், நூல் ஆலைகளுக்கான ஆராய்ச்சி நிறுவனம் சிட்ரா, ஆனைகட்டியில் பறவைகளுக்கான சாலிம் அலி மையம், மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் ஊட்டியில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி. ஆனைகட்டிக்கு உக்கடத்திலிருந்தும் காந்திபுரத்திலிருந்தும் டவுன் பஸ்ஸில் போய் வரலாம், விலங்கியல் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு தடவையாவது போயிருப்பார்கள்? கல்லூரி வழியாக ஒரு கடிதம், துறைத்தலைவர் கையெழுத்து, தான் எதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறோம் என்று சொந்தமாக எழுதிய ஒரு பக்கம், இவற்றோடு சில மாதம் முன்பே கேட்டால் பிராஜெக்ட் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. கடையில் காசு கொடுத்து பைண்டு பண்ணி வாங்கிய பிராஜெக்டை மேல்படிப்பு நேர்காணலில் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். சொந்தமாக ஒரு மாதம் மகரந்தம் எண்ணிய பிள்ளை பேசும்போதே தெரியும்.

சிபாரிசுக் கடிதமும் இங்கிருந்துதான் வரும். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு இரண்டு, மூன்று ஆசிரியர்களின் கடிதம் கேட்பார்கள், கோடை ஆய்வுக்கும் ஒன்று தேவை. உங்களைத் தெரியாத ஆசிரியர், நல்ல மாணவர், ஒழுக்கமானவர் என்பதற்கு மேல் என்ன எழுத முடியும்? முதல் வருடத்திலேயே இரண்டு ஆசிரியரிடமாவது சந்தேகம் கேட்டுப் பழகுங்கள். நாங்கள் திட்டமாட்டோம். வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் நோட்டோடு நிற்கிற பிள்ளையைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

மார்க் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. பின்னால் கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்றால் முதுநிலையில் 55 சதவீதமும் அதோடு நெட், செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுகளில் ஒன்றோ பிஎச்.டி.யோ வேண்டும். முதல் செமஸ்டர் அரியரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மொத்த சராசரியை அதுதான் கடைசி வரை இழுக்கும்.

இனி வீட்டுப் பக்கம். சோமனூர்க்காரர் ஒருவர், நாலு தறி வைத்திருக்கிறவர், மகளோடு துறைக்கு வந்து கேட்டார்: "ஏனுங்க சார், இன்னும் ரெண்டு வருசம் படிக்க வெச்சா அப்பறம் என்னங்க வரும்? வயசும் ஆகுது, மாப்பிள்ளை பாக்கோணும், செலவும் தாங்கோணுமல்லங்க." அவர் கேட்டதில் தப்பே கிடையாது. கூலி சரியாக வராத தொழிலில் இருந்துகொண்டு மகளை மூன்று வருடம் படிக்க வைத்தவர் அவர். அவருக்கு வேண்டியது எண்கள், அதைச் சொன்னேன். கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. எம்.எஸ்சி. முடித்து சிஎஸ்ஐஆர் அல்லது யுஜிசி நெட்டில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகிப் பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதற்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்த தொகை இது. ஆராய்ச்சிப் படிப்பு என்பது அப்பா பணம் கட்டிப் படிக்கிற படிப்பு கிடையாது, படிக்கிறவருக்குத்தான் பணம் வரும். இது நம் பக்கத்து வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பெண் அப்பாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பரீட்சைக்கு எப்பங்க எழுதிப் போடோணும்?" என்று கேட்டார். எழுதிப் போட்டார்கள்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இந்த இரண்டு வருடக் கணக்கை அப்பா அம்மாவிடம் கடைசி வருடம் ஏப்ரலில் சொல்லாதீர்கள். இரண்டாம் வருடத்திலேயே சொல்லிவிடுங்கள், சேலம், கரூர் எங்கே இருந்தாலும். ஜாதகத்தை வெளியே எடுத்த பிறகு பேசுவதற்கும் அதற்கு முன்னால் பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு டிகிரி வரை மாதம் 1,000 ரூபாய் வருகிறது, பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அதை வீட்டுச் செலவில் கரைக்காமல் சேர்த்தால் நுழைவுத் தேர்வுக் கட்டணத்துக்கும் போக வர ரயிலுக்கும் ஆகும்.

கடைசியாகச் சான்றிதழ், இதில் கோட்டை விட்டவர்கள் அநேகம். ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஓபிசிக்கு 27 சதவீத இடம் உண்டு. நம்மிடம் இருக்கிற மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. ஜாதிச் சான்றிதழை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்தோர் பிரிவில் வராதவர் என்ற சான்றிதழ் தாசில்தாரிடமிருந்து தனியாக வாங்க வேண்டும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் உங்கள் ஜாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரம்பு 8 லட்சம், ஆனால் அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, பாசன நிலத்தின் அளவுக்குத் தனியாக ஒரு வரம்பு இருக்கிறது. தோட்டத்து வருமானத்தையும் சேர்த்துக்கொண்டு நமக்குக் கிடைக்காது என்று தாங்களாகவே விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். சான்றிதழை அந்த நிதியாண்டுக்குள் வாங்கியிருக்க வேண்டும் என்று பெரும்பாலான தேர்வுகள் கேட்பதால், பழையது இருந்தாலும் ஏப்ரல் பிறந்ததும் புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள், கவுன்சிலிங் தேதி வந்த பிறகு தாலுக்கா ஆபீசில் வரிசையில் நிற்க வேண்டாம்.